முதல் கிண்ணம் க்ளைடுக்கு

உலகில் விளக்கப்படாத விஷயம் என்று இனி எதுவும் கிடையாது. மிச்சம் இருப்பவை எல்லாம் ஃபெர்கஸ் இன்னும் கவனிக்க நேரம் ஒதுக்காத விஷயங்கள் மட்டுமே.

இதை ஃபெர்கஸே அறிவித்தான். கல்லூரி விடுமுறைக்கு டனீடின் நகரத்திலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்தோம். அவனுடைய ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் ஆறிப்போன சீஸ் ரோலும் இருந்தன. மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. அவன் உடலியல் மாணவன். ஜீரண மண்டலத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவன். பேய், ஆவி, சகுனம், முன்னுணர்வு எல்லாமே வாயுத் தொல்லையின் வெவ்வேறு பெயர்கள் என்பது அவன் கண்டுபிடிப்பு. நாயைப் பற்றியும் ஒரு கண்டுபிடிப்பு வைத்திருந்தான். நாய் என்பது கால் முளைத்த குடல். அதன் ஒரு முனையில் பாசமும் மறுமுனையில் வாலும் ஒட்டிக்கொண்டிருப்பது வெறும் விளம்பரம்.

நான் தத்துவம் படிக்கிறேன். ஆகவே மறுத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை என்றான். அது நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் போனது அவனுடைய அத்தை ரேவினின் வீட்டுக்கு. கேட்லின்ஸ் கரையில், கடலைப் பார்த்த குன்றுச் சரிவில், தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு. ரேவின் அத்தை அந்தக் குன்றுகளில் ஆயுள் முழுக்க ஆடு மேய்த்தவர். ஏறி இறங்கியே இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், மூட்டு மாற்றும் ஆபரேஷனுக்காக நெடுநாள் காத்திருந்தார். தேதி கொடுத்து இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். இப்போதுதான் அழைப்பு வந்திருந்தது. இதை விட்டால் வரிசையின் வாலுக்குப் போய்விடுவார். இன்னொரு குளிர்காலத்தை அந்த இடுப்பு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டைப் பக்கத்துப் பண்ணை மெரே பார்த்துக்கொள்வார். நாயைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள்.

அந்தப் பக்கத்தில் ஆடு வளர்க்க இரண்டு விதமான நாய் வேண்டும். ஒன்று வாயே திறக்காமல், வயிறு தரையில் பட ஊர்ந்துபோய், வெறும் கண்ணாலேயே ஆட்டை நிறுத்தி வைக்கும். இன்னொன்று பின்னாலிருந்து குரைத்துக் குரைத்து மந்தையை முன்னே தள்ளும். அத்தையிடம் இருந்த மெக், கண்ணால் நிறுத்துகிற ஜாதி. கறுப்பு வெள்ளை, மெலிந்த உடம்பு. அது குரைத்து யாரும் கேட்டதில்லை.

குரைக்கிற நாயாக இருந்தது க்ளைடு. அது செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி வேன் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அத்தை தடியை ஊன்றிக்கொண்டு எங்களைப் பின்கட்டுக்கு நடத்திப் போனார். காற்றில் வளைந்துபோன சைப்ரஸ் மரங்களுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாய்க்கொட்டில்கள். ஒன்றின் முன்னே மெக் உட்கார்ந்திருந்தது. இன்னொன்றின் முன்னே சங்கிலி மட்டும் கிடந்தது.

சாயங்காலம் சாப்பாடு வைக்கிற முறையைச் சொன்னார். இந்த ஊரில் வேலை செய்கிற நாய்களுக்கு வரிசைப்படிதான் சோறு. மூத்தது தின்னாமல் இளையது வாய் வைக்காது. வரிசை மாறினால் மந்தையில் வேலையும் மாறிப்போகும். அது வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"முதல்ல க்ளைடோட கிண்ணம், அந்த நீல விளிம்பு எனாமல் கிண்ணம்" என்றார் அத்தை. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வை. வச்சிட்டு முதுகைக் காட்டி நில்லு. திங்கறப்ப பாத்தா அவனுக்குப் பிடிக்காது. அவன் முடிச்சதும் மெக் உன் மூஞ்சியைப் பாப்பா. அப்புறம்தான் அவளுக்கு."

"க்ளைடு செத்துட்டான் அத்தை" என்றான் ஃபெர்கஸ்.

"எனக்குத் தெரியாதா? குழி தோண்டினதே நான்தான்."

"அப்ப கிண்ணம் எதுக்கு?"

"நீ நம்புறியான்னு நான் கேட்டேனாடா? கிண்ணத்தை வைன்னு சொன்னேன்."

ஃபெர்கஸ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அத்தை அதையும் பார்த்தார். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலை இறக்கி மேலும் இரண்டு உத்தரவு போட்டார். ஆடுகள் குட்டி போடுகிற நேரம் என்பதால் மெக்கை அவிழ்த்து விடக் கூடாது. நாளை முதல் தினமும் சாயங்காலம் போன் செய்வார். ரிசீவரை மெக்கின் தட்டுப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். அது தின்கிற சத்தம் காதில் விழுந்தால்தான் அவருக்கு நிம்மதி.

"அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் கிளம்பி வந்துடுவேன். இடுப்பு எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்றார். வேன் டிரைவர் அப்படியே நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். நாங்களும் நம்பினோம். அத்தை ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து, ஊசி போட்ட பிறகு, மழையில் ஆடு நனையுமே என்று எழுந்து வந்தவர்.

அன்று சாயங்காலம் ஃபெர்கஸ் ஒரு பரிசோதனை செய்யப்போவதாகச் சொன்னான். பரிசோதனை எளியது. நீல விளிம்புக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றித் தன் சாக்ஸுகளை ஊறப்போட்டான். மெக்கின் தகரத் தட்டில் மட்டும் தீனியைப் போட்டுக் கொண்டுபோய் வைத்தான்.

மெக் தட்டைப் பார்க்கவே இல்லை. காலியான கொட்டிலின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, உடம்பை ஒருக்களித்து, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தது. நெரிசலான பஸ்ஸில் ஒருவருக்கு வழி விடுகிற மாதிரி இருந்தது எனக்கு. அங்கே வழி கேட்டு யாரும் வரவில்லை.

"பசிச்சா தின்னும். பசிக்கலேன்னா திங்காது. இதுக்குப் பேர்தான் விஞ்ஞானம்" என்றான் ஃபெர்கஸ். இருட்டுகிற வரை தட்டு அப்படியே இருந்தது. பிறகு கடற்பறவைகள் வந்து விஞ்ஞானத்தைத் தின்றுவிட்டுப் போயின.

மறுநாள் காலை மெக்குக்கு நன்றாகப் பசித்தது. அதை நிரூபிப்பதற்காக ஃபெர்கஸ் சங்கிலியை அவிழ்த்துவிட்டான். ஓடவிட்டால் பசி இன்னும் கூடும் என்பது அவன் கணக்கு. மெக் அவனைக் கேட்காமல் வேலியைத் தாண்டி, குட்டி போட்ட ஆடுகள் நிற்கிற மேட்டுக்குப் போய்விட்டது.

அதை மெரேதான் கொண்டுவந்தார். நாலு சக்கர பைக்கின் பின்னால் மெக் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. வாயைச் சுற்றிச் சிவப்பு. மெரே நாற்பதைத் தாண்டியவர், நிறைய ஆடு, குறைந்த தூக்கம். கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினார்.

"ஏ காலேஜ் தம்பிகளா, உங்க நாய் என் மேட்டுல கல்யாண விருந்து சாப்பிட்டுட்டு வருது. விழுந்து கிடந்த நஞ்சுக்கொடி அத்தனையும் காலி. நேத்து பட்டினி போட்டீங்களா?"

ஃபெர்கஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் மெக் இறங்கி வந்து, அவனுடைய ரப்பர் பூட்ஸைத் தேர்ந்தெடுத்து, அதன் மேல் வாந்தி எடுத்தது.

இது பெரிய விஷயமில்லை என்றார் மெரே. குட்டி போடுகிற காலத்தில் எந்த நாயாவது அவிழ்ந்து போனால் நடப்பதுதான். வயிற்றைக் காயப்போட்டு, பிறகு கோழியும் சோறும் கொடுத்தால் சரியாகிவிடும். சொல்லிவிட்டுப் பின்கட்டின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கிண்ணம் வைத்தீர்களா என்று கேட்டார். மூடநம்பிக்கை ஒரு சமூகத்தின் நேரத்தை எப்படித் தின்கிறது என்று ஃபெர்கஸ் விளக்க ஆரம்பித்தான். மெரே பொறுமையாகக் கேட்டார்.

"நானும் நம்பல தம்பி. ஆனா அவன் செத்ததுலேர்ந்து அந்தக் கேட்டுக்குள்ள வண்டியை விடறதில்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஊரில் இருந்த கால்நடை டாக்டரம்மாவுக்கு போன் செய்தோம். ரத்தம் கலந்து போகிறதா, ஈறு வெளிறியிருக்கிறதா, எழுந்து நடக்கிறதா என்று கேட்டார். ரத்தம் இல்லை, ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது, பேதிக்காக வெளியே ஓடும்போது எங்களைவிட வேகமாகவே நடந்தது. அப்படியானால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தண்ணீரை மொத்தமாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வாந்தி நின்ற பிறகு, தோலும் எலும்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழி, குழைந்த வெள்ளைச் சோறு, சின்னச் சின்னக் கவளமாக. உப்பு, வெண்ணெய், வெங்காயம், பால் எதுவும் கூடாது. மனுஷ மாத்திரை எதையும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. வாந்தி நிற்கவில்லை என்றாலோ துவண்டு படுத்தாலோ உடனே தூக்கி வரவேண்டும். நாளைச் சாயங்காலம் வரை ஒன்றுமே தின்னாவிட்டாலும் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

ஃபெர்கஸ் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவன் படித்த பாடமே அவன் மடியில் வந்து விழுந்திருந்தது. மெக்கைச் சமையலறை விறகு அடுப்புப் பக்கத்தில் பழைய கம்பளியில் படுக்க வைத்தான். குடலின் உள்சுவர் எப்படித் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று அதற்கே விளக்கினான். தரையைத் துடைக்கிற வேலையில் அவ்வளவாகத் தத்துவம் வேண்டியிருக்கவில்லை என்பதால் அதை என்னிடம் விட்டான்.

மத்தியானத்துக்குள் வாந்தி நின்றது. சாயங்காலம் மெக் அடுப்பருகே தூங்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. சுவரில் மாட்டிய பழைய போன்தான். சுருள் கம்பி பின்வாசல் படி வரை நீளும். நாளை மறுநாள் காலை ஆபரேஷனுக்கு முதல் ஆள் நான்தான், எல்லாப் பரிசோதனையும் முடிந்தது என்றார் அத்தை. "சரி, மெக் திங்கறாளா? பக்கத்துல பிடி."

பட்டினி போட்டிருக்கிறோம் என்று சொன்னால் அத்தை அந்த நிமிஷமே கட்டிலை விட்டு இறங்குவார். ஃபெர்கஸ் எனக்குச் சைகை காட்டிவிட்டு, மெக்கின் தகரத் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, பின்வாசல் படியில் மண்டியிட்டான். முகத்தைத் தட்டுக்குள் கவிழ்த்துக் கடமுடவென்று மெல்ல ஆரம்பித்தான். தட்டைத் தரையில் இழுக்கவும் மறக்கவில்லை. உண்மையாகவே நன்றாகச் செய்தான். நான் ரிசீவரை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அதைக் காதில் வைத்தேன். அத்தையின் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி, மெல்றது ஃபெர்கஸ்" என்றார் கடைசியில். "சின்னப் பிள்ளையிலேர்ந்து அவன் அப்படித்தான் திம்பான். அது எனக்குத் தெரியுது. அவன் பக்கத்துல தண்ணி நக்கிக் குடிக்கிறது யாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். மெக் அடுப்பருகே அதே இடத்தில், மூக்கை வாலுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது. என் முகம் மாறியதைப் பார்த்து ஃபெர்கஸ் மெல்லுவதை நிறுத்தினான். பின்கட்டில் காற்றும் அந்த நேரம் நின்றிருந்தது. எங்கேயும் சத்தமில்லை. ஆனால் ரிசீவருக்குள் மட்டும், பழைய போன்களில் நம் பக்கத்துச் சத்தமே நமக்குக் கேட்குமே அது மாதிரி, அகலமான ஒரு நாக்கு தண்ணீரை அள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சளப், சளப். அவசரமே இல்லாமல்.

ஃபெர்கஸ் ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டான். லைனில் ஈரம் இறங்கியிருக்கிறது என்றான். சட்டையின் முன்பக்கமெல்லாம் பிஸ்கட் தூளாக, மிக உறுதியாகச் சொன்னான்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. மெக்குக்கு லேசான வயிற்றுப்போக்கு என்றும், டாக்டரம்மா சொன்னபடி பார்த்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டான். கிண்ணத்தைப் பற்றி அத்தை கேட்கவில்லை. கேட்காததுதான் மோசமாக இருந்தது.

"நாளைக்குச் சாயங்காலம் திரும்பக் கூப்பிடுவேன். அவ தின்னான்னா நான் கத்திக்குப் படுக்கிறேன். இல்லேன்னா காலையில முதல் பஸ்ஸுல அங்க இருப்பேன். நீ திங்க வேண்டாம்."

மறுநாள் விடியும்போது கடும் உறைபனி. பின்கட்டு முழுக்க உப்பைக் கொட்டியதுபோல வெள்ளை. மெக்கை வெளியே கூட்டிப்போனோம். வயிறு கிட்டத்தட்டச் சரியாகியிருந்தது. மூக்கு ஈரம், கண் தெளிவு. ஃபெர்கஸ் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டே வந்தவன், கொட்டில்களுக்கு முன்னால் நின்றுவிட்டான்.

காலிக் கொட்டிலின் வாசலில், சங்கிலிக்குப் பக்கத்தில், ஓரிடத்தில் மட்டும் பனி விழவில்லை. ஈரமான கறுப்பு மண். நீள்வட்டமாக, ஒரு பக்கம் கொஞ்சம் குழிந்து, பெரிய நாய் ஒன்று சுருண்டு படுத்து எழுந்தால் இருக்கிற அளவு.

"மண்ணு இறுகியிருக்கு. சூடு உள்ளேயே தங்கியிருக்கும்" என்றான் ஃபெர்கஸ். குனிந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தான். உடனே எடுத்தான். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சோறு கொதிக்க வைக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டான். எப்படி இருந்தது என்று கேட்டேன். அரிசி எங்கே என்று கேட்டான்.

அவன் சமைத்த கோழியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தோலை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, வேகவைத்து நாராக உதிர்த்தான். சோற்றைக் கஞ்சிப் பதத்துக்குக் குழையவிட்டான். ஆற வைத்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் வைத்தான். மெக் எழுந்து வந்து முகர்ந்தது. அதன் வாயோரம் எச்சில் ஒழுகியது. வயிறு சத்தம் போடுவது எனக்கே கேட்டது. பிறகு அது பின்வாங்கி, கதவைப் பார்த்து உட்கார்ந்தது.

கையில் வைத்து ஊட்டினான். கோழி வெந்த தண்ணீரை ஊற்றிப் பிசைந்தான். தட்டை மாற்றினான், இடத்தை மாற்றினான், நாங்கள் பார்ப்பதால் கூச்சமாக இருக்கலாம் என்று என்னையும் வெளியே அனுப்பினான். ஒவ்வொரு முறையும் மெக் மரியாதையாக முகர்ந்துவிட்டுக் கதவைப் பார்த்தது. எலும்பும் தோலுமான அந்த உடம்பு இரண்டு நாளாகப் பட்டினி.

"குடல் மட்டுந்தானே? பசிச்சா திங்கணுமே" என்றேன்.

"வாயை மூடு நீல்" என்றான். அவன் என் பேரைச் சொன்னால் விஷயம் கெட்டுக்கிடக்கிறது என்று பொருள்.

மத்தியானம் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் வேலி மறைந்தது, பிறகு மரங்கள், பிறகு கொட்டில்கள். வீட்டைச் சுற்றி வெள்ளைச் சுவர் எழுப்பிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், குன்றின் மேலே, ஒரு நாய் குரைத்தது.

அடித்தொண்டையிலிருந்து வருகிற கனத்த குரல். குரைத்தது, நிறுத்தியது, கொஞ்சம் இடம் மாறிக் குரைத்தது. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, ஒழுங்காக நகர்ந்தது. மெக் துள்ளி எழுந்து நின்றது. காது முன்னால் மடிந்தது. வால் மெதுவாக ஆடியது. நாங்கள் வந்ததிலிருந்து அது வாலை ஆட்டியது அப்போதுதான்.

"மெரேவோட நாய்" என்றான் ஃபெர்கஸ்.

சற்று நேரத்தில் மெரேவின் பைக் சத்தம் கேட்டது. வண்டி கேட்டுக்கு வெளியே நின்றது. மூடுபனிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. குரைக்கிற நாயை அவிழ்த்து விட்டது யார் என்று கேட்டார். அவர் நாய்கள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. அந்தச் சரிவில் வேறு யாரிடமும் அப்படி ஒரு நாய் இப்போது கிடையாது. அவருடைய ஆடுகள் பள்ளத்து ஓரம் மேய்ந்துகொண்டிருந்தன. பனியில் ஒன்று தவறினாலும் நேரே கடல். போய்ப் பார்த்தால் அத்தனையும் கீழ் கேட்டில் வந்து நிற்கின்றன, குட்டிகளோடு, ஒன்று குறையாமல்.

ஃபெர்கஸ் காலிக் கொட்டில் இருந்த திசையைப் பார்த்தான்.

"நல்லா வேலை தெரிஞ்ச நாய்" என்றார் மெரே. பிறகு கொஞ்சம் தயங்கி, "சாப்பாடு போட்டுருங்க தம்பி" என்றார். பைக் அவசரமாகக் கிளம்பிப் போனது.

ஃபெர்கஸ் மூடுபனியில் ஒலி எப்படி வளைந்து வரும் என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தான், அதை முடிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கொண்டுபோகலாம் என்றேன். இந்தப் பனியில் மலைப்பாதையில் வண்டி எடுக்க முடியாது என்றான். அதுவும் உண்மை. வெளியே வெளிச்சம் சாம்பலாக மாறிக்கொண்டிருந்தது. அத்தை கூப்பிடுகிற நேரம் நெருங்கியது. மெக் கதவடியில் படுத்திருந்தது. இப்போது தலையைத் தூக்கக்கூட இல்லை.

அடுப்புக்கு விறகு கொண்டுவருகிறேன் என்று ஃபெர்கஸ் எழுந்தான். பெட்டி நிறைய விறகு இருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

துணி துவைக்கிற அறையில் வெகு நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிரஷ் போட்டுத் தேய்க்கிற சத்தமும் கேட்டது. பிறகு அவன் பானையோடு வெளியே போனான். மெக் எழுந்து தள்ளாடிக்கொண்டு பின்னால் போனது. நான் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். அவனுடைய சாக்ஸுகள் தொட்டியில் குவிந்து கிடந்தன. நீல விளிம்புக் கிண்ணம் இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது.

"வைச்சானா?" என்றார் அத்தை. வேறு எதுவும் கேட்கவில்லை.

கம்பியை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். மூடுபனி கொஞ்சம் விலகி, கொட்டில்கள் மங்கலாகத் தெரிந்தன. ஃபெர்கஸ் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் நிலைக்கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவன் கிண்ணத்தில் கோழியும் சோறும் போட்டான். மெக்குக்கு எப்படி உதிர்த்தானோ அதே மாதிரி நார்நாராக. காலிக் கொட்டிலின் வாசலில், பனி விழாத அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தான். உதட்டை மட்டும் அசைத்தான். எதுவும் நடக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லூரி மேடையில் பேசுகிற குரலில் அல்ல, சின்னப் பையன் கூப்பிடுகிற குரலில் சொன்னான்.

"க்ளைடு. வாடா."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். சோறு வைத்த மெக்கின் தகரத் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். மெக் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தது. அதன் பார்வை அவனைத் தாண்டிப் பின்னால் போனது. கொட்டிலின் இருட்டிலிருந்து கிண்ணம் வரை, எதையோ பின்தொடர்ந்து வருகிற மாதிரி, அதன் தலை மெதுவாகத் திரும்பியது.

நான் ரிசீவரை நீட்டிப் பிடித்தேன். பிறகு காதில் வைத்தேன். அங்கே எனாமலை நாக்கு தள்ளுகிற சத்தம் கேட்டது. கிண்ணம் மண்ணில் உரசி நகர்ந்தது. பெரிய வாய், நிதானமான வாய்.

மெக்கின் தட்டு இன்னும் ஃபெர்கஸின் கையில்தான் இருந்தது.

அவன் காதுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். தோள்கள் ஏறி அப்படியே நின்றன. திரும்பிப் பார்க்க ஒரு அடி போதும். பேயையும் சகுனத்தையும் ஒரே பார்வையில் ஒழித்துக்கட்டியிருக்கலாம். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

சத்தம் நின்றது. மெக் தலையைத் தூக்கி ஃபெர்கஸின் முகத்தைப் பார்த்தது.

"முடிச்சுட்டான். இப்ப அவளுக்கு வைக்கச் சொல்லு" என்றார் அத்தை என் காதுக்குள். "நான் போய்ப் படுக்கிறேன். காலையில வெள்ளனவே வந்து எழுப்பிடுவாங்க."

நான் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஃபெர்கஸ் கண்ணைத் திறந்து, முழங்காலை மடக்கிக் குனிந்து, தகரத் தட்டை மெக்கின் முன்னால் வைத்தான். மெக் தின்ன ஆரம்பித்தது. அவன் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தபடி, தட்டு காலியாகும் வரை, பின்னால் திரும்பாமலே உட்கார்ந்திருந்தான்.